ஐந்துக்கு எத்தனை

சலிமா மருத்துவமனையில்
ஏழாம் எண் கதவுக்கு எதிரே என் நாற்காலி.
வெளியே வரும் பெண்களை நிறுத்திக் கேட்க வேண்டும்:
இருபத்திரண்டு கேள்விகள்,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு பதில்.
ஐந்து என்றால் முழுத் திருப்தி.

எங்கள் சிச்சேவா மொழியில் திருப்தி என்பது
வயிறு நிறைவதைச் சொல்லும் சொல்லுக்குத் தங்கை.
கருப்பைவாய்ப் பரிசோதனை எப்படி இருந்தது என்று
நான் கேட்பது
பந்தி முடிந்தவளிடம் கேட்பதுபோல் ஒலிக்கும்.
சிலர் சிரித்துவிடுவார்கள். நானும்.

எனெலெஸ், நாற்பத்து மூன்று வயது,
செங்கா கரையில் உசிபா மீன் காயவைப்பவள்.
இடுப்பில் சித்தென்ஜேயை இறுக்கிக்கொண்டே வந்து
நான் தாளைத் திருப்புமுன்
"எல்லாத்துக்கும் ஐந்து" என்றாள்.

காத்திருந்த நேரம்? ஐந்து.
(காலை ஆறரைக்கு வந்தவள். இப்போது மணி ஒன்றே முக்கால்.)
மறைவு? ஐந்து.
(திரைச்சீலை இரண்டு சாண் குறைவு.
என் இடத்திலிருந்து கட்டிலின் கால்மாடு தெரியும்.
மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறேன்.)
கட்டணம்?
"இலவசம்தானே. ஆறு போடு."
(சைக்கிள்காரனுக்குக் கொடுத்ததை
நான் கேட்கவில்லை. தாளில் அது இல்லை.)

பேனாவை மூடினேன்.
"மூடியாச்சா?" என்று பார்த்துவிட்டு
பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"குறைச்சுப் போட்டால் டோரிகா சிஸ்டருக்குத் திட்டு விழுமாமே.
இருப்பதே அவள் ஒருத்தி.
அவளும் போய்விட்டால்
இந்த ஐந்தை எல்லாம் யாருக்குப் போடுவது?"

பிறகு நிதானமாகச் சொன்னாள்.
அந்த இரும்பு அலகை வெந்நீரில் நனைத்து,
பிள்ளைக்குப் பால் சூடு பார்ப்பதுபோல்
சிஸ்டர் தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தாளாம்.
"அது நிஜமான ஐந்து."
வெள்ளைக் கோட்டுப் பையன் ஒருவன்
கேட்காமல் நுழைந்து கையுறைப் பெட்டி எடுத்துப் போனானாம்.
"அதுக்கு ஒன்றுகூட இல்லை.
கால் இரண்டும் அந்தரத்தில் இருக்கும்போது
எழுந்து அறையவா முடியும்?"

வினிகர் தடவி ஒரு நிமிடம்.
வீட்டில் ஊறுகாய் போடும் வாசனை.
கூரையின் கசிவுக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.
"முதலை மாதிரி இருந்தது. வாலைத் தேடிக்கொண்டிருந்தேன்.
அதற்குள் வெள்ளையாகிவிட்டது என்றாள்."

வெள்ளை என்றால் என்னவென்று இருவருக்கும் தெரியும்.

"உறைய வைக்கிற மெஷினுக்கு கேஸ் தீர்ந்துபோச்சாம்.
வியாழக்கிழமை வா என்கிறாள்.
வியாழன் படகு வரும் நாள்."
எழுந்து போனாள்.
என் மடியில் அவளுடைய ஐந்துகள்
மணலில் காயும் மீன் மாதிரி வரிசையாக.
மேற்பார்வையாளருக்கு இப்படி வரிசை பிடிக்கும்.
போன மாதம் எங்களுக்குத் தொண்ணூற்று நான்கு விழுக்காடு.

வியாழன் பதினொன்றுக்கு சிலிண்டர் வந்தது.
இரண்டு மணிவரை அவள் வரவில்லை.
எனக்கு உட்கார இருப்புக் கொள்ளவில்லை.
பையிலிருந்த என் மாற்றுச் சித்தென்ஜேயை எடுத்து,
மஞ்சள் நிறம், ஓரத்தில் மாவுக் கறை,
திரைச்சீலையின் அடியில் நான்கு ஊக்கு குத்தினேன்.
இது என் வேலை இல்லை. டோரிகா பார்த்தாள்,
ஐந்தாவது ஊக்கைத் தன் சட்டையிலிருந்து கழற்றித் தந்தாள்.

மூன்றரைக்கு வந்தாள் எனெலெஸ்,
முழங்கை வரை செதிள்,
கூடவே பக்கத்துத் தட்டிக்காரி ஒருத்தி,
முறைத்த முகத்தோடு, இழுத்து வரப்பட்டவளாக.

வெளியே வந்தபோது அடிவயிற்றைப் பிடித்திருந்தாள்.
பேனாவைத் திறந்தேன்.
திரும்பி அந்த மஞ்சள் துணியை ஒருமுறை பார்த்தாள்.
"நான்கு" என்றாள்.

மீதி ஒன்று?

"அதைச் சொல்ல நேரமாகும்.
முதலில் தண்ணீர் கொடு.
அப்புறம் எழுது, நிறுத்தாமல் எழுது."